மூச்சோடு வெளியே போன மருந்து

ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, நான் பீடி குடிப்பேனா என்பதுதான். ஒரு வார்த்தைக்கு ஒரு தரம் மூச்சு வாங்கிக்கொண்டு மகளின் தோளில் தொங்கியபடி வந்து சேர்ந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபப்படுவதற்கும் மூச்சு வேண்டுமே. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். "அப்ப வெறகு அடுப்பா?" என்றார் அந்த டொக்டர். அதற்கு மேலும் கீழுமாக ஆட்டினேன்.

என் பெயர் லெட்சுமி. புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்தவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சுவது, கஞ்சி வைப்பது, துணி அவிப்பது எல்லாமே விறகில்தான். வேலை முடிந்து, வரிசை வீடுகளான லயத்துக்கு வந்தால் வீட்டுக் குசினியிலும் விறகு. புகை போக வழியில்லாத குசினி. சுவர் கறுத்ததைப் பார்த்து வருடத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடித்தோம், உள்ளே நெஞ்சு கறுத்ததை யார் பார்த்தார்கள்? பீடி குடித்தது அடுப்பு, இருமியது நான்.

இதை எழுதுவதற்குக் காரணம், என்னைப் போல் விறகில் சமைத்து, என்னைப் போல் மூச்சு மருந்து அடிக்கிற ஒரு பம்ப்போடு நிற்கிற பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதுதான். நான் குணமாகிவிட்டேன் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிற கதையை வாசிக்க விரும்புகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்கு வந்திருப்பது சீஓபீடி என்றார்கள். டொக்டர் எனக்கு விளங்குகிற மாதிரிச் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நெஞ்சுக்குள் காற்றுப் போகிற குழாய்கள் வருடக்கணக்கான புகையில் தடித்து ஒடுங்கிவிடுகின்றன. குழாயின் நுனியில் இருக்கிற மெல்லிய பைகள் சிதைந்துவிடுகின்றன. அதனால் இழுத்த காற்று முழுதாக வெளியே போகாமல் உள்ளேயே தேங்கி நிற்கிறது. பழைய காற்று போகாத இடத்தில் புதுக் காற்று எப்படி நுழையும்? சனம் இறங்காத பஸ்ஸில் ஏறப் பார்ப்பது போலத்தான். சிதைந்த பை திரும்ப முளைக்காது. மருந்தால் ஆகக்கூடியது, ஒடுங்கின குழாயைக் கொஞ்சம் தளர்த்தி விடுவது மட்டும்தான். அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்பதில்தான் என் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் எங்கள் லயம் மெயின் ரோட்டிலிருந்து மேலே ஏறிப் போகிற இடத்தில் இருக்கிறது. ரோட்டோரம் பஸ்ஸை விட்டு இறங்கினால் படி, படி, படிதான். என் வீட்டுக்காரர் தோட்டத்தில் வாச்சராகக் காவல் வேலை பார்க்கிறார். அந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் அந்த வீடு. அவர் இறங்கி வந்து தங்கமுடியாது, நான் ஏறிப் போகமுடியாது. குழாய் கொஞ்சம் தளர்ந்தால் நான் அவரோடு போய் இருக்கலாம். தளராவிட்டால் கண்டியில், மஹய்யாவவில் மகள் கோமதியின் வீட்டில் ஒக்ஸிஜன் மெசினோடு ஒரு மூலை. இதைத் தவிர எனக்கு வேறு கேள்வியே இருக்கவில்லை.

வார்ட்டில் முதல் நாட்கள் எனக்குச் சரியாக நினைவில்லை. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து உட்கார்ந்தே இருந்தேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். தண்ணீருக்குள் ஆளை அமுக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். ஆனால் சுற்றிலும் எல்லோரும் சாதாரணமாக நடமாடிக்கொண்டிருப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்கள அம்மா எனக்கு விசிறிக்கொண்டே இருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குப் பேச மூச்சு இல்லை. சினேகிதம் பிடிக்க அது போதுமாயிருந்தது.

ஒரு நாளில் பல தரம் நெபுலைஸர் வைப்பார்கள். தண்ணீர் மருந்தை மெசின் பனிப்புகை மாதிரி ஆக்கி அனுப்பும். மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி வழியாக அதை நாம் இழுக்க வேண்டும். கொஞ்சம் தெளிந்த பிறகு நான் கவனித்தது ஒன்று உண்டு. நான் மூச்சை வெளியே விடுகிற ஒவ்வொரு தரமும் முகமூடியின் இரண்டு பக்க ஓட்டையாலும் புகை குபுகுபு என்று போனது. ஜன்னல் வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று கேட்டு வளர்ந்தவள் நான். பிள்ளைமடுவத்தில் பால்மாவைக் கரண்டியில் தட்டி அளந்து போட்ட கை இது. எனக்கு மனது பொறுக்கவில்லை.

காலையில் வார்ட்டுக்கு வருகிற டொக்டர் மிஸ் ஒரு முஸ்லிம் பிள்ளை. கண்டியிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் தமிழ் அவருக்கு விளங்கும், இருக்கு என்பதை ஈக்கி என்றும் சொல்ல என்பதைச் செல்ல என்றும் பேசுகிற அவர் தமிழ் எங்களுக்கு விளங்கும். அவரைக் கேட்டேன்.

"மிஸ், நா மூச்சு விடுறப்ப எல்லாம் மருந்து வெளிய போவுதே. இது நட்டம் இல்லீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "நட்டம்தான் அம்மா. மெசின் உங்கட மூச்சப் பாத்து நிக்கிறல்லையே. நீங்க வெளிய விடுற நேரமும் அது மருந்த அனுப்பிக்கிட்டே ஈக்கும். அதெல்லாம் காத்துலதான் போற. அதுக்கும் சேத்துத்தான் மருந்து போட்டீக்கி, கவலப்படாதீங்க. ஆனா பம்ப் அப்படியில்ல. அதுல போற நட்டம் உங்கட கையில ஈக்கி."

பிறகு என்ன நினைத்தாரோ, "எங்க, நீங்க வீட்டுல பம்ப் அடிக்கிற மாதிரி அடிச்சிக் காட்டுங்க, பாப்பம்" என்றார்.

பம்ப் எனக்குப் புதிதல்ல. அதற்கு முன்னமே கிளினிக்கில் தந்து, அடிக்கிற விதத்தையும் சொல்லித்தந்து, நானும் தவறாமல் அடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு பிரயோசனமும் தெரியவில்லை. குலுக்கினேன். மூச்சை வெளியே விட்டேன். வாயில் வைத்து அமுக்கி உள்ளே இழுத்தேன். பம்பை எடுத்தேன். "முருகா" என்றேன்.

"என்னத்த சென்னீங்க?"

"முருகான்னு சொன்னேன்."

"இன்னொருக்கா செய்ங்க. இங்கால, ஜன்னலுக்கிட்ட வந்து செய்ங்க."

ஜன்னலுக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து மறுபடியும் அடித்தேன். இழுத்தேன். "முருகா" என்றேன். வெயிலில், முருகன் பெயரோடு சேர்ந்து என் வாயிலிருந்து லேசாக ஒரு புகை போனது. நானும் பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் மருந்து சாப்பிட்டால் முருகா என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மருந்து உடம்பில் பிடிக்காது. நான் பிள்ளைமடுவத்தில் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும்போதும் ஒவ்வொரு பிள்ளையையும் "முருகா சொல்லு, முருகா சொல்லு" என்று விரட்டுவேன். அதில் சாமி பாதி, தந்திரம் பாதி. முருகா என்று சொன்ன பிள்ளை மருந்தை விழுங்கிவிட்டது என்று அர்த்தம். வாயில் அடக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்புகிற கள்ளனால் அதைச் சொல்லமுடியாது. இப்படி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த வாய், பம்பை எடுத்ததும் தானாகத் திறந்திருக்கிறது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? விழுங்குகிற மருந்துக்கு அந்தப் பெயர் ஒரு கெடுதலும் செய்யாது. இழுக்கிற மருந்துக்கு, பெயரைச் சொல்கிற மூச்சே எமன்.

டொக்டர் மிஸ் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து விளக்கினார். பம்பிலிருந்து வருகிற மருந்து மாவை விட நுணுக்கமான துளிகள். அதில் பெரிய துளிகள் நாக்கிலும் தொண்டையிலும் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அடித்த பிறகு வாய் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். நெஞ்சின் ஆழத்துக்குப் போவது சின்னத் துளிகள்தான். ஆனால் அவை போன உடனே படிவதில்லை, காற்றில் மிதந்துகொண்டே இருக்கும். வாயை மூடி மூச்சைப் பிடித்து வைத்திருந்தால் புழுதி அடங்குவது போல மெதுவாகக் கீழே படியும். அதற்குள் மூச்சை விட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் அடிக்கிற மருந்தில் ஒரு பங்குதான் நெஞ்சுக்குப் போய்ச் சேரும் என்றார். நான் அந்தப் பங்கையும் சாமிக்குப் படைத்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கேட்டு எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். அந்த வார்ட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்து அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை. மருந்து கேட்கவில்லை என்றுதானே இவ்வளவு நாளும் பயந்து செத்தேன்? மருந்து போய்ச் சேரவே இல்லையே! இனிச் சேர்ந்தால் கேட்கும். வாய்க்கு எட்டியது நெஞ்சுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான் விசயம். நோயாளிக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்க முடியும்?

அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் என் வீட்டுக்காரர் வந்தார். புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்து, கம்பளையில் இறங்கி வேறு பஸ் மாறி, கோமதி கட்டிக்கொடுத்த சோற்றையும் வாங்கிக்கொண்டு வந்தவர். நான் மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பிழை கிடைத்துவிட்டது, ஆனால் எவ்வளவு முயன்றும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்றும் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டு யோசனையோடு உட்கார்ந்தார்.

"சரி, சாமிய நா கூப்புடுறேன்" என்றார். "நீ வாயப் பொத்திக்கிட்டு இரு. கலியாணங் கட்டுன நாள்லருந்து நானும் அதத்தானே சொல்றேன்."

அன்று மாலை பம்ப் நேரத்துக்குப் பார்வையாளர்களை அனுப்புகிற மணி அடித்துவிட்டது. அவர் போகவில்லை. நான் அமுக்கி இழுத்து, உதட்டை இறுக்கிக்கொண்டேன். அவர் கண்ணை மூடி, "முருகா" என்று இழுத்துச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் "முருகா". நான் கையைக் காட்டும் வரைக்கும் நிறுத்தவில்லை. வார்ட்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. விரட்ட வந்த நர்ஸ் மிஸ்ஸி வாயைப் பொத்திச் சிரித்தபடி நின்றுவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்தால் மருந்து போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வார்ட்டிலிருந்து என்னைக் கோமதி வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மருமகனுக்கு நகரசபையில் வேலை. இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் இருந்த தங்கள் கட்டிலை எனக்குத் தந்துவிட்டு அவர்கள் கீழே பாய் விரித்தார்கள். வாசலில் குப்பை எரிக்கிற பக்கத்து வீட்டுக்காரியோடு மருமகன் போய்ச் சமாதானமாகப் பேசிவிட்டு வந்தார். கோமதி மருந்துக்கடையில் ஸ்பேஸர் என்கிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வாங்கிவந்தாள். பம்பை நேரே வாயில் வைக்காமல் அந்தக் குழாயில் பொருத்தி அடித்தால், தொண்டையில் மோத வேண்டிய பெரிய துளிகள் குழாயிலேயே ஒட்டிக்கொள்ளும், சின்னவை உள்ளே வரும். விலை என்ன என்று கேட்டேன், அவள் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் வருவார். மற்ற நாட்களில் காலையும் மாலையும் போன் எடுத்துப் பேசுவார். கோமதி ஸ்பீக்கரில் போட்டு என் முன்னால் வைப்பாள். "அடிச்சிட்டியா?" என்பார். நான் அடித்து இழுத்ததும் கோமதி, "ம், சொல்லுங்கப்பா" என்பாள். மலையிலிருந்து "முருகா" வரும். ஒருநாள் சிக்னல் போய், சத்தமே வராமல், எப்போது மூச்சை விடுவது என்று தெரியாமல் நான் கண் பிதுங்க உட்கார்ந்திருந்தேன். "விடும்மா, விடும்மா" என்று கோமதி முதுகில் அடித்தாள். அழுதுகொண்டே சிரித்தோம்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அவர் பலகை விசயத்தைச் சொன்னார். ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் இரண்டு கட்டை நட்டு, மேலே பலகை அடித்து, உட்கார இடம் செய்திருக்கிறாராம். "ஏறு, ஒக்காரு, மூச்ச வாங்கு, அடுத்ததுக்கு ஏறு. அவசரம் என்னா? காலையில பஸ்ஸ விட்டு எறங்குனா சாயங்காலம் வீட்டுக்குப் போயிறலாம்" என்றார். கடைசித் திருப்பத்துப் பலகைக்கு முதுகு சாய்க்கச் சாய்மானமும் வைத்திருந்தாராம். கேட்டுக்கொண்டிருந்த கோமதி எழுந்து குசினிக்குள் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போதே தெரியும். குழாய் வைத்து அடித்தேன், மூச்சைப் பிடித்தேன், ஒரு துளி வெளியே விடவில்லை. ஆனாலும் கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போய் வந்தால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். புடவை கட்டப் பாதியில் உட்கார்ந்தேன். உடம்புக்குத் தெரிந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. ஊதிப் பார்த்துச் சொல்லட்டும் என்று இருந்தேன்.

ஊதிப் பார்ப்பது என்பது ஒரு பரிசோதனை. மூக்கில் கிளிப் மாட்டி, ஒரு குழாயில் முடிந்த மட்டும் வேகமாக ஊதச் சொல்வார்கள். முதல் நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது என்று மெசின் அளக்கும். பிறகு மருந்து அடித்து, காத்திருக்க வைத்து, மறுபடியும் ஊத வைப்பார்கள். இரண்டாவது தரம் கூடினால் மருந்துக்குக் குழாய் தளர்கிறது என்று அர்த்தம். வெளியே விடாதே விடாதே என்று பழக்கிய நெஞ்சிடம் இங்கே விடு விடு என்று கத்தினார்கள். ஊதி முடிந்ததும் கண் இருட்டியது.

நடுவில் மருந்து அடித்தபோது டொக்டர் மிஸ் என் முன்னால் குந்தி உட்கார்ந்து பார்த்தார். அன்று என் வீட்டுக்காரரும் கோமதியும் கூட வந்திருந்தார்கள்; பழக்கத்தில் வாயைத் திறந்த அவரை மிஸ் கையைக் காட்டி நிறுத்தினார். சத்தமில்லாமலே நான் மூச்சைப் பிடித்தேன். நீண்ட நேரம் பிடித்தேன். "அம்மா, இதவிட நல்லா யாராலயும் செய்ய ஏலாது" என்றார் மிஸ். பாராட்டுக் கேட்டு எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

அறைக்குள் எங்களைக் கூப்பிட்டபோது மிஸ் கோடு போட்ட தாளைக் கையில் வைத்திருந்தார். முதல் கோடும் இரண்டாவது கோடும் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன. அதை நானே பார்த்தேன், படிக்கத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

"அம்மா, மருந்து இப்ப போகவேண்டிய இடத்துக்குப் போகுது" என்றார். நிதானமாக, என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். "ஆனா கொழாய் தளர்றல்ல. இதுக்கு மேல கூடும்னு நான் பொய் செல்ல ஏலாது. மூச்சு இன்னும் மோசமாப் போகாமப் பாத்துக்கிற மட்டும்தான். ஒக்ஸிஜன் மெசின் வேணும். கரண்ட் ஈக்கிற, படி ஏறத் தேவயில்லாத எடத்துல ஈங்க. தோட்டத்துக்குப் போறத மறந்திருங்க."

எனக்கு அழுகை வரவில்லை. மருந்து வீணாகிக்கொண்டிருந்த வரைக்கும் எனக்கு ஒரு வழி இருந்தது. பிழை என்னுடையது, திருத்திவிட்டால் சரி என்று இருந்தது. இப்போது ஒரு பிழையும் இல்லை. திருத்த ஒன்றும் இல்லாமல் போவது எவ்வளவு கொடுமை என்று அந்தக் கதிரையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். இனிமேல் அவர் மலையில், நான் மஹய்யாவவில். நான் செத்த பிறகுதான் இரண்டு பேரும் ஒரே வண்டியில் மலைக்குப் போகலாம்.

என் வீட்டுக்காரர் தொப்பியைக் கையில் பிடித்தபடி சுவரோரம் நின்றிருந்தார். தாளைப் பார்த்தார், மிஸ்ஸைப் பார்த்தார், பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இல்லீங்க மிஸ், அவ மூச்ச சரியாப் புடிக்கிறதில்லீங்க" என்றார். "ஒங்களுக்கு முன்னால மட்டுந்தான் புடிக்கிறா. வீட்டுல பாதியில விட்டுர்றா. நா பாத்துட்டுத்தானே இருக்கேன். மருந்து வெளிய போவுதுங்க, இன்னமும் போவுது. அது நின்னுருச்சின்னா இந்தக் கோடு கூடும்."

போனில் எப்படிப் பார்த்தார் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அவர் தொப்பியைத் திருகிக்கொண்டே இருந்தார். கோமதி என்னைப் பார்த்தாள். நான் ஒரு நாள், ஒரு தரம்கூடப் பாதியில் விட்டதில்லை.

"ஆமாங்க மிஸ்" என்றேன். "கொஞ்சம் வெளிய போவுதுதாங்க."

சற்று முன்னால் என் எதிரில் குந்தியிருந்து தன் கண்ணாலேயே பார்த்தவர் மிஸ். என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தாளை மடித்து உள்ளே வைத்தார்.

"அப்ப நல்லாப் புடிச்சிப் பழகிக்கிட்டு வாங்க அம்மா. அடுத்த கிளினிக்ல இன்னொருக்கா ஊதிப் பாப்பம்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் என் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது. "நா சொன்னேன்ல? இனி ஒழுங்காப் புடி" என்று என்னை அதட்டினார். மழைக்காலம் வருகிறது, பலகைகள் நனைந்து உளுத்துப்போகாமல் மேலே தகரம் அடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டே நடந்தார். நான் சரி என்றேன்.